ஏழு டன் தலையைக் கரை சேர்த்த நாவிதர் மகன்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், எகிப்து நாட்டுச் சிற்பங்களுக்கென்று நீண்ட கூடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூடத்தில் மாபெரும் கல் தலை ஒன்று நிற்கிறது.

தலையும் மார்பும்தான் உண்டு. இடுப்பும் கால்களும் இல்லை. ஆனாலும் உயரம் 2.67 மீட்டர். எடை 7 டன்னுக்கு மேல். ஒரே கல்லில் இரண்டு நிறம்: மார்புப் பகுதி சாம்பல் நிறம், முகம் இளஞ்சிவப்பு. உதட்டில் லேசான புன்னகை. கண்கள் கீழே பார்க்கின்றன, எதிரே நிற்பவரைக் குனிந்து விசாரிப்பது போல.

இது எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் சிலை. செதுக்கி 3,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நைல் நதியின் மேற்குக் கரையில், மண்ணில் மல்லாந்து கிடந்த தலை இது. இதை லண்டன் வரும் கப்பலில் ஏற்றியவர் பெரிய பண்டிதர் அல்லர். பட்டம் பெற்ற என்ஜினீயரும் அல்லர். இத்தாலி நாட்டில் ஒரு நாவிதரின் மகன். பிழைப்புக்காக லண்டன் மேடையில் ஆட்களைத் தூக்கிக் காட்டிய பயில்வான். பெயர் ஜியோவானி பட்டிஸ்டா பெல்சோனி.

வயிற்றுப் பிழைப்பு

பெல்சோனி 1778ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி இத்தாலியில் பாதுவா நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. மகனும் கத்தியும் சீப்பும் பிடிப்பான் என்றே வீட்டில் நினைத்தார்கள்.

ஆனால் பையனுக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. பதினாறு வயதில் ரோமாபுரிக்குப் போய்விட்டார். அங்கே தண்ணீரை மேலேற்றும் இயந்திரக் கலையைக் கற்றதாகப் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்தார். துறவி ஆகிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. 1798ல் பிரெஞ்சுப் படைகள் ரோமாபுரியைப் பிடித்தன. துறவு எண்ணம் அத்தோடு போயிற்று.

பிறகு ஹாலந்து. அங்கும் நிலைக்கவில்லை. 1803ல் சகோதரர் ஒருவருடன் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை. ஆங்கிலமும் சரியாக வராது. இருந்தது ஒன்றே ஒன்று: உடம்பு. ஆறரை அடி உயரம். அதற்கேற்ற தோளும் மார்பும்.

லண்டனில் சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற நாடக அரங்கு அவருக்கு வேலை கொடுத்தது. தோளில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொள்வார். அதன் மேல் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி நிற்பார்கள். அத்தனை பேரையும் சுமந்துகொண்டு மேடையில் நடப்பார். படகோனியா நாட்டு சாம்சன் என்று விளம்பரம் செய்தார்கள். படகோனியா எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களுக்கும் தெரியாது. அவரும் அங்கே போனதில்லை.

இங்கிலாந்தில் சாரா என்ற பெண்ணை மணந்தார். சந்தைக்குச் சந்தை, ஊருக்கு ஊர் கூடாரம் அடித்துப் பிழைத்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன. மேடையில் ஆள் தூக்கிய காலத்தில்தான் பெல்சோனி ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டார். பாரத்தைத் தூக்க வெறும் பலம் போதாது. எங்கே பிடிப்பது, எங்கே முட்டுக் கொடுப்பது என்று தெரிய வேண்டும்.

பாஷாவின் தோட்டம்

ஊர் சுற்றிக்கொண்டே மால்டா தீவுக்கு வந்தபோது, எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் ஆள் ஒருவரைச் சந்தித்தார். எகிப்தில் வயலுக்குத் தண்ணீர் இறைப்பதே பெரும் பாடு, நல்ல இயந்திரம் செய்து தருபவருக்குப் பாஷா வாரிக் கொடுப்பார் என்று பேச்சு வந்தது. 1815ல் பெல்சோனி, சாரா, அவர்களிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் கர்ட்டின் என்ற அயர்லாந்துப் பையன் மூவரும் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் இறங்கினார்கள்.

இறங்கியபோது ஊரில் பிளேக் நோய். அதைத் தாண்டிக் கெய்ரோ போனால் அங்கே சிப்பாய்க் கலகம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, பாஷாவின் தோட்டத்தில் இயந்திரத்தைச் செய்து முடித்தார். பல மாடுகள் இழுக்கும் தண்ணீரை ஒரே மாட்டைக் கொண்டு இறைத்துக் காட்டுவதுதான் அவருடைய திட்டம்.

1816ல் சோதனை நடந்தது. தண்ணீர் நன்றாகவே வந்தது. அப்போது பாஷாவுக்கு ஒரு விளையாட்டு எண்ணம் தோன்றியது. மாட்டை அவிழ்த்துவிட்டு, சக்கரத்துக்குள் ஆட்களை ஏறி மிதிக்கச் சொன்னார். அயர்லாந்துப் பையனும் ஏறினான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் மற்றவர்கள் வெளியே குதித்துவிட்டார்கள். தண்ணீரின் பாரம் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தது. பையன் தூக்கி எறியப்பட்டான். தொடை எலும்பு முறிந்தது.

இது கெட்ட சகுனம் என்றார்கள். இயந்திரம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஓராண்டு உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை. அந்நிய நாட்டில், கையில் காசில்லாமல் பெல்சோனி நின்றார்.

புதிய வேலை

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக ஹென்றி சால்ட் என்பவர் கெய்ரோவுக்கு வந்திருந்தார். பர்க்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு யாத்ரீகரும் அங்கே இருந்தார். தீப்ஸ் என்ற பழைய தலைநகரின் இடிபாடுகளில் கிடந்த அந்தப் பெரிய கல் தலையைப் பற்றி இருவரும் அறிவார்கள். அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அது யாருடைய தலை என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. எகிப்தின் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டுபிடித்தது 1822ல்தான். கிரேக்கக் கதையில் வரும் ஒரு வீரனின் பெயரை வைத்து இளைய மெம்னன் என்று அந்தத் தலையை அழைத்தார்கள்.

நெப்போலியனின் ஆட்கள் எகிப்துக்கு வந்தபோது அதைக் கொண்டுபோக முயன்று தோற்றார்கள். சிலையின் வலது மார்பில் உள்ள துளை அவர்கள் போட்டதுதான் என்று சொல்லப்படுகிறது.

பிரெஞ்சுக்காரர்களால் முடியாததை நீ செய்வாயா என்று கேட்டால், வேலையில்லாத பயில்வான் என்ன சொல்வார்? பெல்சோனி ஒப்புக்கொண்டார்.

பதினேழு நாட்கள்

1816 ஜூன் 30ஆம் தேதி கெய்ரோவிலிருந்து படகில் கிளம்பினார். ஜூலை 22ல் தீப்ஸ் சேர்ந்தார். கொண்டுபோன சாமான்கள் இவ்வளவுதான்: பதினான்கு மர உத்தரங்கள், பேரீச்ச நாரில் திரித்த நான்கு வடங்கள், நான்கு உருளைக் கட்டைகள். கப்பி இல்லை, பாரம் தூக்கும் வேறு கருவி எதுவும் இல்லை.

இடிந்த கோயிலுக்குள் கற்களை அடுக்கி ஒரு குடிசை கட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் தங்கினார்கள். ஜூலை மாதத்து வெயில். கல் சூட்டில் இரவும் தூக்கம் வராது.

வேலைக்கு ஆள் வேண்டும். சுற்றுக் கிராமத்து உழவர்களுக்கு நாளொன்றுக்கு 30 பாரா கூலி பேசினார். வயல் வேலையில் கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்கு. ஆனாலும் உள்ளூர் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் யாரும் வர முடியாது. அதிகாரி இன்று நாளை என்று இழுத்தடித்தார். ரமலான் நோன்பு, உழவு வேலை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சில வாரங்களில் நைல் வெள்ளம் வந்துவிடும். கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள நிலம் முழுகிவிடும். அதற்குள் தலை கரைக்கு வராவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

ஜூலை 27ல் வேலை ஆரம்பித்தது. உத்தரங்களைப் பிணைத்துத் தச்சர் ஒரு வண்டித் தட்டு செய்தார். நெம்புகோல் போட்டுத் தலையை அங்குலம் அங்குலமாக உயர்த்தி, அடியில் தட்டைச் செருகி, தட்டுக்குக் கீழே உருளைகளைக் கொடுத்தார்கள். வடம் பிடித்து இழுத்ததும் தலை அசைந்தது. கூட்டம் பெருங்கூச்சல் போட்டது. இந்தக் கல் மனிதரால் நகரக்கூடியது அல்ல, ஏதோ பிசாசு வேலை என்று பலரும் நம்பினார்கள். கல்லுக்குள் தங்கம் இருக்கிறது என்றும் பேச்சு. இல்லாவிட்டால் இத்தனை தூரம் வந்து ஒருவன் ஏன் இதை இழுக்கிறான்?

முதல் நாள் சில கஜம்தான் நகர்ந்தது. இரண்டாம் நாள் ஐம்பது கஜம். கோயிலை விட்டு வெளியேற வழி போதாமல் இரண்டு தூண்களின் அடிப்பீடத்தை உடைத்தார்கள். மூவாயிரம் ஆண்டு நின்ற தூண்களை உடைப்பது அன்று யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை.

நடுவில் பெல்சோனி வெயிலில் விழுந்து படுத்துவிட்டார். ஓரிடத்தில் மணல் உள்வாங்கிக்கொண்டது. சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் ஓர் ஆள்கூட வேலைக்கு வரவில்லை, அதிகாரி தடுத்துவிட்டார். பெல்சோனி நேரே அர்மான்ட் என்ற ஊருக்குப் போய், மேலதிகாரியைப் பார்த்து, புதிய உத்தரவு வாங்கி வந்தார். ஆகஸ்டு 12ஆம் தேதி தலை நைல் கரையை அடைந்தது. ஆரம்பித்த நாளையும் சேர்த்துப் பதினேழு நாட்கள்.

மீன் ஊறுகாய் செய்த உதவி

கரைக்கு வந்தால் போதுமா? படகு வேண்டுமே. படகு கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. பேசி முன்பணம் வாங்கிய படகுக்காரர்களே, இந்தப் பாரம் படகை முழுக்கிவிடும் என்று பின்வாங்கினார்கள்.

எகிப்தில் பழம்பொருள் திரட்டுவதில் பிரான்சு நாட்டுத் தரப்பில் திரொவெத்தி என்பவர் இருந்தார். அவருக்கும் பிரிட்டிஷ் தரப்புக்கும் கடும் போட்டி. பெல்சோனிக்கு யாரும் உதவக்கூடாது என்று திரொவெத்தியின் ஆட்கள் அதிகாரிகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒரு சின்ன விஷயம் காரியத்தை மாற்றியது. திரொவெத்தி அர்மான்ட் அதிகாரிக்கு ஒரு கடிதமும் பரிசும் அனுப்பினார். பரிசைப் பிரித்துப் பார்த்தால், மீன் ஊறுகாயும் ஆலிவ் காயும் அடைத்த சில சிறு குப்பிகள்! தன் தகுதிக்கு இதுவா பரிசு என்று அதிகாரிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பெல்சோனி கேட்டதெல்லாம் நடந்தது. ஆட்கள் வந்தார்கள். படகுக்காரர்கள் பணிந்தார்கள்.

வெள்ளம் வடிந்து ஆறு தாழ்ந்துவிட்டதால், தலை இருந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் பெரிய சரிவு. 130 பேர் சேர்ந்து மண்ணைக் கொட்டிச் சாய்தளம் போட்டார்கள். நான்கு மரங்களால் கரைக்கும் படகுக்கும் பாலம். நவம்பர் 17ஆம் தேதி, ஒருபுறம் வடத்தை மெதுவாக விட்டுக்கொடுத்து, தலையைப் படகின் நடுவுக்கு இறக்கினார்கள்.

படகுக்காரர் தம் சொத்து முழுகப் போகிறது என்றே கரையில் நின்றார். படகு முழுகவில்லை. அவர் ஓடிவந்து பெல்சோனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 15ல் கெய்ரோ. 1817 ஜனவரியில் அலெக்சாண்டிரியா. அங்கிருந்து கப்பலில் மால்டா வழியாகப் போய், 1818ல் தலை லண்டன் சேர்ந்தது. சிற்பம் என்றால் கிரேக்கச் சிற்பம்தான் என்று எண்ணியிருந்த ஐரோப்பியர்கள் எகிப்துச் சிற்பியின் கைத்திறனைக் கண்ணெதிரே பார்த்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ஓசிமாண்டியாஸ் என்ற கவிதை, தலை வரப்போகும் செய்தி பேசப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது. ஓசிமாண்டியாஸ் என்பது ராம்சேஸ் மன்னனின் கிரேக்கப் பெயர்.

அடுத்தடுத்து

படகுக்குக் காத்திருந்த மூன்று மாதமும் பெல்சோனி சும்மா இருக்கவில்லை. தெற்கே அபு சிம்பல் கோயிலுக்குப் போனார். வாசல் மணலில் புதைந்து கிடந்தது. மறுபடி 1817ல் போனார். வேலையாட்கள் கைவிட்டுப் போனபின், அவரும் உடன் வந்த ஐரோப்பியர்களும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாங்களே மணல் அள்ளினார்கள். ஆகஸ்டு 1ஆம் தேதி வாசல் திறந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், மன்னர்களின் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்தார். ராம்சேஸின் தந்தைதான் இந்தச் சேத்தி. சுவரெல்லாம் வண்ணம் கலையாத ஓவியங்கள். உள்ளே ஒன்பது அடிக்கு மேல் நீளமுள்ள சலவைக்கல் பெட்டி. உள்ளே விளக்கை வைத்தால் வெளியே ஒளி தெரியும்.

1818 மார்ச் 2ஆம் தேதி, கீசாவில் இரண்டாவது பெரிய பிரமிடின் உள்ளறைக்குள் நுழைந்தார். முன்பே யாரோ நுழைந்து போன அடையாளம் அங்கே இருந்தது. பெல்சோனி தம் பெயரையும் தேதியையும் பெரிய கரிய எழுத்துகளில் சுவரில் எழுதினார். அது இன்றும் இருக்கிறது.

பெயர் எழுதும் இந்த ஆசையைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. செய்த வேலைக்குப் பெயர் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. கல் தலையைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாகத் தந்தவர்கள் என்று பதிவானவர்கள் சால்ட்டும் பர்க்ஹார்ட்டும்தான். தான் சால்ட்டின் கூலியாள் அல்ல, தானாக முன்வந்து வேலையை ஏற்றவன் என்று பெல்சோனி வாதாடினார். சால்ட் அப்படி நினைக்கவில்லை. இந்த மனக்கசப்பு கடைசிவரை ஆறவில்லை.

அவர் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. மம்மிகள் நிறைந்த குகைகளில் உடல்களை மிதித்து நசுக்கிக்கொண்டு போனார். ஒரு கல்லறை வாசலைப் பனைமரத்தால் இடித்துத் திறந்தார். எகிப்தின் பொருள்கள் எகிப்தியருக்கே சொந்தம் என்ற எண்ணம் அன்று அவருக்கும் இல்லை, அனுப்பியவருக்கும் இல்லை, அனுமதித்த பாஷாவுக்கும் இல்லை.

திரொவெத்தியின் ஆட்களுடன் சண்டை முற்றி, கர்னாக்கில் துப்பாக்கி வெடிக்கும் அளவுக்குப் போயிற்று. 1819ல் பெல்சோனி எகிப்தை விட்டுக் கிளம்பினார்.

சொந்த ஊர்

முதலில் பாதுவாவுக்குப் போனார். ஊரை விட்டுப் போன நாவிதர் மகனை ஊரே கூடி வரவேற்றது. அவர் தந்த இரண்டு சிங்கமுகத் தேவதைச் சிலைகளை நகரம் ஏற்றுக்கொண்டு, அவர் பெயரில் பதக்கம் அடித்தது.

பிறகு லண்டன். 1820ல் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். மறு ஆண்டு, சேத்தியின் கல்லறை அறைகளை அப்படியே மாதிரி செய்து பிக்காடிலியில் கண்காட்சி வைத்தார். முதல் நாளே 1,900 பேர் டிக்கெட் வாங்கினார்கள். ஒரு காலத்தில் இதே ஊரில் மேடையேறி ஆள் தூக்கியவர்!

ஆனால் கூட்டம் நிரந்தரமல்ல. பணமும் நிற்கவில்லை. 1823ல் ஆப்பிரிக்காவின் உள்ளே திம்புக்டு நகரைத் தேடிப் புறப்பட்டார். மொராக்கோவில் பெஸ் நகர்வரை சாராவும் உடன் போனார். மேலே போக அனுமதி கிடைக்காததால், மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டு மேற்குக் கடற்கரை வழியாகப் பெனின் நாட்டுக்குப் போனார்.

அங்கே வயிற்றுக்கடுப்பு பிடித்தது. 1823 டிசம்பர் 3ஆம் தேதி, குவாட்டோ என்ற சிற்றூரில் உயிர் பிரிந்தது. வயது 45. விரலில் இருந்த மோதிரத்தைச் சாராவிடம் சேர்க்கும்படி சொல்லியிருந்தார். ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

சாராவின் கணக்கு

அவர் போனபின் சாரா பட்ட பாடு தனிக் கதை.

சேத்தியின் சலவைக்கல் பெட்டி இரண்டாயிரம் பவுனுக்கு மேல் எவ்வளவு விலை போனாலும், மேலான தொகையில் பாதி பெல்சோனிக்கு என்று 1818ல் சால்ட்டுடன் ஒப்பந்தம் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியம் பெட்டியை வாங்க மறுத்தது. 1824ல் சர் ஜான் சோன் என்ற கட்டிடக் கலைஞர் வாங்கினார். விலை சரியாக இரண்டாயிரம் பவுன். மேலே ஒரு பவுன்கூட இல்லை. சாராவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

1825ல் கண்காட்சியை மறுபடி நடத்திப் பார்த்தார், நஷ்டம். கணவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்து, 1851ல்தான் பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு நூறு பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1870ல் ஜெர்சி தீவில் சாரா காலமானார்.

கல் தலை மட்டும் லண்டனில் அதே புன்னகையோடு நிற்கிறது. அதன் கீழ்ப்பாதி நைல் நதிக்கரையில், பழைய கோயிலிலேயே கிடக்கிறது. செதுக்கிய சிற்பியின் பெயர் தெரியாது. முப்பது பாரா கூலிக்கு, ரமலான் மாதத்து வெயிலில் வடம் பிடித்த உழவர்களின் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

பிழைக்கப் போன நாட்டில் பிறருக்காகப் பாரம் இழுத்தவர் பெல்சோனி. தம் பெயரையாவது காப்பாற்றிக்கொள்ள, பிரமிடின் இருட்டுக்குள் போய்ச் சுவரில் எழுத வேண்டியிருந்தது.